பெயரைக் கொடுத்தார், மண்ணைக் கொடுத்தார்

ஐத்தித் தீவின் கீழைக் கோடியில் இகுவேய் என்றொரு நாடு இருந்தது. அதனை ஆண்ட தையினோ இனத் தலைவர்களுள் தோள்வலியும் உடற்கட்டும் மிக்கவன் கொத்துபனாமா என்பான். இசுப்பானியர் அந்நாட்டின்மேல் முதன்முறை படையெடுத்து, ஊர்களை எரித்து, மக்களை மலைக்காடுகளுக்கு விரட்டிய பின்னர், அமைதி பேச அவனை அழைத்தனர். அவனும் வந்தான். இசுப்பானியப் படைத்தலைவன் உவான் தெ எசுக்கிவெல்லும் அவனும் தத்தம் பெயர்களை மாற்றிக்கொண்டனர். அன்று தொட்டு மண்ணின் தலைவன் எசுக்கிவெல் ஆனான். வந்தேறிய படைத்தலைவன் கொத்துபனாமா ஆனான். இவ்வழக்கத்தைத் தையினோ மக்கள் 'குவாத்தியாவோ' என்றனர். பெயரை மாற்றிக்கொண்ட இருவர் உடன்பிறந்தாரினும் நெருங்கியவராவர். ஒருவர் மற்றவர்க்குத் தீங்கு நினையார். இஃது அம்மக்கள் வழிவழி போற்றிவந்த அறம்.

உடன்படிக்கை எளிதாகத்தான் இருந்தது. இகுவேய் மக்கள் இசுப்பானிய அரசனுக்கெனக் கிழங்கு பயிரிட்டு அப்பம் சுட்டுக் கொடுப்பது. அதற்கு மாற்றாக அவர்களை எவரும் தலைநகராகிய சாந்தோ தொமிங்கோவுக்கு ஊழியத்திற்கு இழுக்காதிருப்பது. ஆனால், காவலுக்கென்று விட்டுச்செல்லப்பட்ட ஒன்பது பேர், அப்பத்தைத் தலைநகர்வரை சுமந்து செல்லுமாறு மக்களை வற்புறுத்தினர், பெண்டிர்மேல் கைவைத்தனர். பொறுத்துப் பார்த்த மக்கள் கோட்டையை எரித்தனர். 1504-இல் மீண்டும் போர் மூண்டது. சவோனா என்னும் சிறு தீவில் மறைந்திருந்த கொத்துபனாமா பிடிபட்டுச் சாந்தோ தொமிங்கோவில் தூக்கிலிடப்பட்டான். எசுக்கிவெல் என்ற பெயரைச் சுமந்த கழுத்திலேயே கயிறு மாட்டப்பட்டது. அந்நாளில் அத்தீவிலேயே வாழ்ந்து, பின்னர்த் துறவியாகி, தம் இனத்தார் செய்த கொடுமைகளையெல்லாம் எழுதிவைத்த இலாசு காசாசு இதனையும் எழுதிவைத்தார்.

அவ்விகுவேய்ப் போரில் இசுப்பானியர் பக்கம் நின்று, அதில் பெற்ற பெயரால் உயர்ந்தவன்தான் உவான் போன்சே தெ இலியோன். இசுபெயின் நாட்டு வல்லதோலித்துப் பகுதியில் சாந்தெர்வாசு தெ காம்போசு என்னும் ஊரிற் பிறந்தவன். பள்ளிப் பொத்தகங்கள் அவனை இளமை மாறா ஊற்றைத் தேடியலைந்த கனவாளியாகக் காட்டுகின்றன. அரசன் அவனுக்கு 1512-இல் கொடுத்த உரிமைப் பட்டயத்தில் ஊற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிலம், பொன், பிடித்துப் பங்கிட வேண்டிய மக்கள், அரசனுக்குச் சேரவேண்டிய பங்கு ஆகியவையே உள்ளன. ஊற்றுக் கதை அவன் செத்தபின் அவன் தலையில் கட்டப்பட்டது. கொள்ளைக்காரனைக் கனவு காண்பவனாக்கிக் காட்டுவது வல்லாண்மையின் பழைய கைத்திறன். அக்கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லி மகிழ்வோர், அவன் உண்மையில் கட்டிய ஊர்களைப் பற்றியும், அவ்வூர்கள் யார் முதுகின்மேல் எழுந்தன என்பதைப் பற்றியும் சொல்வதில்லை.

அவன் முதலில் கட்டிய ஊர் இகுவேயிலேயே எழுந்தது. போர் முடிந்ததும் அந்நிலத்தின் ஆட்சி அவனுக்குக் கிட்டியது. 1505-இல் சால்வலெயோன் என்னும் குடியிருப்பை நிறுவினான். அங்கு அவன் கட்டிய கல்வீடு இன்றும் நிற்கிறது. அவ்விடத்தில் அவனைச் செல்வனாக்கியது பொன்னன்று, கிழங்கு. தையினோ மக்கள் 'யூக்கா' என்று வழங்கிய அக்கிழங்கின் நச்சுச்சாற்றைப் பிழிந்தெடுத்து, மாவைத் தட்டையான அப்பமாகச் சுடுவது அவர்கள் கண்ட கலை. அவ்வப்பம் பல திங்கள் கெடாது. இசுபெயினுக்குத் திரும்பும் கப்பல்களுக்கு அதனை விற்றே போன்சே பணம் குவித்தான். உழுதவரும் பிழிந்தவரும் சுட்டவரும் தையினோ மக்கள். விற்றவன் மட்டும் அவன்.

அக்கிழங்கு பின்னாளில் கடல் பல கடந்து தமிழகத்திற்கும் வந்தது. தமிழன் அதனைத் தான் அறிந்த வள்ளியோடு ஒப்பிட்டு, தண்டு மரம்போல் நிற்றலின், மரவள்ளி என்று அழைத்தான். அதே மேலைத் தீவுகளினின்று பரவிய இலையைப் புகையிலை என்றான்; மிளகினும் உறைத்த காயை மிளகாய் என்றான். கொய்யா ஒன்றில் மட்டும் தீவு மக்களின் 'குவாயாபா' போர்த்துக்கீசியர் வாய்வழித் திரிந்து வந்து தங்கிற்று. கொய்தல் என்னும் வினையோடு ஒலியால் ஒன்றியமையின் அஃது அயற்சொல்லென்றே எவர்க்கும் தோன்றவில்லை. பொருள் எங்கிருந்து வந்தாலும் பெயரைத் தன் மொழியிலிருந்தே எடுத்துக் கொடுக்க வல்லவன் அப்பொருளுக்கு அடிமையாகான். தையினோ மக்களின் நிலையோ தலைகீழ். அவர்தம் பொருள்களின் பெயர்களை உலகமே எடுத்துக்கொண்டது. அவர்களுடைய ஊருக்கும் ஆளுக்கும் மட்டும் அயலார் பெயர் வைத்தனர்.

பெயர் வைத்தலில் இசுப்பானியர் காட்டிய விரைவு வியப்புக்குரியது. 1492 ஆகத்துத் திங்களில்தான் கொலம்பசின் கப்பல்கள் பாய் விரித்தன. அதே திங்களில் சலமாங்காவில் அந்தோனியோ தெ நெபிரிகா என்னும் புலவர் இசுப்பானிய மொழிக்கு முதன்முறையாக ஓர் இலக்கணம் எழுதி வெளியிட்டு, அதனை அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கினார். ஆட்சி செல்லுமிடமெல்லாம் மொழியும் உடன் செல்லும் என்பதும், வென்றவன் சட்டத்தை வெல்லப்பட்டவன் வென்றவன் மொழியிலேயே கற்கவேண்டும் என்பதும் அதன் முன்னுரையில் அவர் சொன்ன கருத்து. மொழிக்கும் ஆட்சிக்கும் தொடர்பில்லை, மொழி வெறுங் கருவியே என்று இன்று நமக்கு அறிவுரை கூறுவோர், அக்கருத்தை வெளிப்பட எழுதிவைத்த அப்புலவரைக் கேட்டறிதல் நன்று. ஒடுக்கியவன் தெளிவாக உணர்ந்திருந்ததை ஒடுக்கப்பட்டவன் உணராதிருப்பதே இரங்கத்தக்கது.

கொலம்பசு கரையேறிய முதல் தீவை அங்குள்ளார் குவானகானி என்றனர். அவனோ சான் சல்வதோர் என்றான். ஐத்தி இசுப்பானியோலா ஆயிற்று. 1493 நவம்பரில் அவன் கண்ட போரிக்கேன் என்னும் அழகிய தீவு சான் உவான் பவுத்தீசுத்தா ஆயிற்று. கரையில் ஒரு குச்சியும் நடுமுன்பே பெயர் நடப்பட்டுவிட்டது. மண்ணைப் பின்னர் வந்து எடுத்துக்கொண்டனர்.

அதனை எடுக்க வந்தவன் போன்சே. 1508-இல் ஒரு கப்பலில் ஏறத்தாழ ஐம்பது பேருடன் போரிக்கேனுக்கு வந்தான். ஐம்பது பேர்! அத்தீவின் பெருந்தலைவன் அகுவேபனா ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்கள் வந்த வழியே திரும்பியிருப்பர். அன்றிக் கடலில் மிதந்திருப்பர். ஆனால் அகுவேபனா விருந்தோம்பினான். ஊரைச் சுற்றிக் காட்டினான்; பொன்மணல் கிடக்கும் ஆறுகளையும் காட்டினான். அவ்வளவில் நில்லாது, குவாத்தியாவோ முறைப்படி போன்சேயின் பெயரைத் தானே ஏற்று உவான் போன்சே எனத் தன்னை அழைத்துக்கொண்டான். அவன் தாய்க்கு தோன்யா இனேசு என்றும், தாயின் கணவனுக்கு தோன் பிரான்சிசுக்கோ என்றும் பெயரிடப்பட்டது. இவற்றை எழுதிவைத்தவர் இசுப்பானிய அரசின் வரலாற்றாசிரியராகிய ஒவியேதோ. ஒரே இல்லம்; ஒரே நாளில் அவ்வில்லத்தின் முன்னோர் பெயர்கள் யாவும் கழிந்தன.   

பெயர் வெறும் ஒலிதானே, அதனை மாற்றிக்கொண்டால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்பர். அகுவேபனாவும் அவ்வாறே எண்ணினான் போலும். விருந்தினன் அகம் மகிழ ஓர் ஒலியைக் கொடுத்தால் குறைந்தா போய்விடும்? ஆனால் பெயரை ஏற்றவன் பெயரிட்டவனுக்கு உரியவன் என்பது இசுப்பானியர் முறை. அவர்கள் நாயைப் பெயரிட்டழைத்தனர், கப்பலைப் பெயரிட்டழைத்தனர், பெயரிடப்பட்டது தம் உடைமை எனக் கொண்டனர். ஒரே செயல் ஒருவனுக்கு உறவாகவும் மற்றவனுக்கு உரிமைப் பத்திரமாகவும் பட்டது. இதனை அறியாமல் அறம் பேணியவன் அழிந்தான்.

போன்சே கட்டிய ஊருக்குக் கப்பாரா என்று பெயர் வைத்தனர். இசுபெயினில் எசுத்திரெமதுராப் பகுதியில் இடிந்து கிடக்கும் பழைய உரோமானிய ஊர் ஒன்றன் பெயர் அது. உயிரோடிருந்த போரிக்கேன் என்ற பெயர் அவர்களுக்கு உவக்கவில்லை. கடல் கடந்த செத்த ஊரின் பெயர் உவந்தது. அங்கே பொன் உருக்கும் உலை எழுந்தது. தலைவர்களும் அவர்தம் குடிகளும் இசுப்பானியர்க்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டனர். ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று மணலை அரித்தவர்களின் வயல்களில் கிழங்கு நட ஆளில்லை. உருக்கிய பொன்னில் ஐந்திலொரு பங்கு அரசனுக்குப் போயிற்று. எஞ்சியது பங்கு பெற்றவர்க்குப் போயிற்று. போரிக்கேன் மக்களுக்குப் பசியே எஞ்சியது.

முதல் அகுவேபனா மறைந்தபின் தலைமை அவன் இனத்தானாகிய இன்னோர் அகுவேபனாவுக்கு வந்தது. அவன் அயற்பெயர் எதனையும் பொறுத்தானல்லன். ஆயினும் மக்கள் உள்ளத்தில் ஓர் அச்சம் வேரோடியிருந்தது: வந்தவர் சாகாதவர் என்பதே அது. அவ்வச்சத்தைப் போக்க அவர்கள் செய்தது ஓர் ஆய்வு என்றே சொல்லத்தகும். உராயோவான் என்னும் தலைவனின் ஆட்கள் தியேகோ சல்செதோ என்னும் இசுப்பானிய இளைஞனை ஆற்றைக் கடக்கத் தோளில் சுமந்து சென்று, நடுவாற்றில் நீரில் அமிழ்த்திப் பிடித்தனர். பின்னர்க் கரையில் கிடத்தி, உயிர்த்தெழுவானோ என்று மூன்று நாள் பார்த்திருந்தனர்; பொறுத்தருளுமாறு அவ்வுடலை வேண்டிக்கொண்டும் இருந்தனர். அது நாறிய பின்னரே நம்பினர் என்கிறார் ஒவியேதோ. இதனைப் படிக்குந்தோறும் நகைப்பாரும் உளர். வந்தேறியும் தம்மைப்போற் பிறந்து சாவும் மாந்தனே என்று அறிய ஓரினத்துக்கு மூன்று நாள் போதுமானதாக இருந்ததே என்று வியப்பதன்றோ முறை! நானூறாண்டு ஆயினும் அதனை அறியாத இனங்கள் உலகில் உண்டு.

1511-இல் போரிக்கேன் எழுந்தது. ஆனால் எழுச்சிக்கு முன்பே ஒருவன் அதனை அறிந்திருந்தான். உவான் கொன்சாலெசு என்னும் இசுப்பானிய மொழிபெயர்ப்பாளன் தையினோ மொழியை நன்கு கற்றவன். மேனியில் வண்ணம் பூசி, அம்மக்களோடு அம்மக்களாய் அவர்தம் 'அரேய்த்தோ' ஆடல்களத்தில் புகுந்து, அவர்கள் பாடிய பாட்டிலிருந்தே சூழ்ச்சியைத் தெரிந்துகொண்டான். அவன் தலைவனாகிய சொத்தோமயோர் அவன் சொல்லைக் கேளாது மாண்டான் என்பது வேறு. அயலான் இவர் மொழியைக் கற்றது இவர் பாட்டைச் சுவைக்கவன்று என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. அவன் இவர் மொழியை ஒரு படைக்கலமாகக் கற்றான். இவரோ அவன் பெயரை அணிகலனாகப் பூண்டனர்.

போரில் தையினோவினர் பெருந்தொகையினராக இருந்தும் தோற்றனர். கழுத்தில் பொற்றகடு அணிந்திருந்த ஒருவனைத் துமுக்கியால் சுட்டு வீழ்த்தினர் என்றும், அவனே அகுவேபனா என்றும் எழுதப்பட்டுள்ளது. பெசெரில்லோ என்னும் போன்சேயின் நாய் அப்போர்களில் கிழித்தெறிந்தவர் பலர். குறுக்குவில் மறவன் ஒருவனுக்குரிய பங்கு அந்நாயின் பெயரால் அதன் உடையவனுக்குக் கொடுக்கப்பட்டது. பொன் அரித்த தையினோவுக்குக் கூலியில்லை. அவனைக் கடித்த நாய்க்குக் கூலியிருந்தது.

அந்நாயைப் பற்றி ஒவியேதோ எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சி நெஞ்சை விட்டகலாதது. ஒரு போருக்குப் பின் படைத்தலைவன் தியேகோ தெ சலசார், பிடிபட்ட கிழவி ஒருத்தியிடம் ஒரு மடலைக் கொடுத்து, ஆளுநரிடம் கொண்டு சேர்க்கச் சொன்னான். அவள் விடுதலையென்று நம்பி நடந்தாள். வேடிக்கை பார்க்கவென்றே பின்னால் நாயை ஏவிவிட்டான். ஓடி வரும் நாயைக் கண்ட கிழவி நிலத்தில் அமர்ந்து, தன் தாய்மொழியில் அதனோடு பேசினாள். தான் கிறித்தவர்க்கு மடல் கொண்டு செல்வதாகவும், தன்னைத் தீண்டவேண்டா என்றும் அதனை ஐயனென விளித்து மன்றாடினாள். நாய் நின்றது, மோந்தது, அவள்மேல் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்பிற்று. பின்னர் வந்து சேர்ந்த போன்சே, நாயினும் தாழ்ந்தவனாகத் தான் தோன்றக் கூடாதென்று அவளை விடுவித்தான். தையினோ மொழியில் ஒரு மூதாட்டி பேசியதைச் செவிமடுத்து மனமிரங்கியதாக வரலாறு குறித்துவைத்துள்ள உயிர்களுள் அந்நாயும் ஒன்று.

இவ்வாறு அடங்கிய போரிக்கேனின் ஆளுநர் பதவி போன்சேயிடம் நிலைக்கவில்லை. கொலம்பசின் மகன் தியேகோ வழக்காடித் தன் தந்தையின் உரிமைகளை மீட்டபோது போன்சே வெளியேற நேர்ந்தது. எனவே புதுமண் தேடினான். 1513 மார்ச்சில் மூன்று கப்பல்களுடன் வடக்கே சென்று, உயிர்த்தெழுந்த ஞாயிற்றை ஒட்டிய நாட்களில் ஒரு பெருநிலத்தைக் கண்டான். அத்திருநாளை இசுப்பானியர் 'பூக்களின் பாசுக்கா' என்பர். ஆகவே நிலத்துக்குப் புளோரிடா என்று பெயரிட்டான். அங்கே மக்கள் இருந்தனர். அவர்களுக்கு மொழிகள் இருந்தன. நிலத்துக்கு அம்மொழிகளில் பெயர்கள் இருந்தன. கேட்டறிய வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவில்லை.

அந்நிலத்தின் தென்மேலைக் கரையில் வாழ்ந்தவர் கலூசா இனத்தார். பயிர்த்தொழில் செய்யாதவர்; கடலையும் கழியையும் நம்பி வாழ்ந்தவர்; சிப்பியோடுகளைக் குவித்து மேடுகள் எழுப்பி, கால்வாய்கள் வெட்டிப் படகோட்டியவர்; சுற்றுப்புற ஊர்களிடம் திறை கொண்டவர். போன்சேயின் கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டபோது நிகழ்ந்தது போரிக்கேனில் நிகழ்ந்ததன் நேர்மாறு. கலூசாக்களிடையே இசுப்பானிய மொழி தெரிந்த ஒருவன் இருந்தான். இசுப்பானியோலாவிலிருந்தோ வேறு தீவிலிருந்தோ தப்பிவந்தவனாக இருக்கவேண்டும் என்று இசுப்பானியரே கருதினர். தலைவன் பொன் அனுப்பப்போகிறான், காத்திருங்கள் என்று அவன் அவர்கள் மொழியிலேயே சொன்னான். காத்திருந்தவர்களை நோக்கிப் பொன் வரவில்லை, போர்ப்படகுகள் வந்தன. முதலில் இருபது, மீண்டும் எண்பது, கேடயம் தாங்கிய வில்லாளருடன். போன்சே நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு அகன்றான்.

பிறமொழி அறிதலைப் பழிப்பது மொழிப்பற்று என்று எண்ணுவார்க்கும், பிறமொழியில் கரைவதே அறிவு என்று எண்ணுவார்க்கும் அப்பெயரறியா மாந்தன் ஒருசேர விடை சொல்கிறான். அவன் பகைவன் மொழியை அறிந்திருந்தான். அதனால் அவன் பகைவனாகிவிடவில்லை. தீவுகளில் நடந்தது என்ன என்பதை அவன் வாயிலாகக் கலூசாக்கள் அறிந்திருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை. பெயர் மாற்றிக்கொள்ள எவரும் கரைக்கு வராதது அதனாலேயே.

இடையில் இசுபெயினில் இன்னொரு விந்தை அரங்கேறியது. பிறர் மண்ணைக் கவர்வது முறையா என்ற ஐயம் சிலர்க்கு எழுந்தபோது, அரசவைச் சட்ட அறிஞர் ஓர் அறிவிப்பை 1513-இல் எழுதினர். உலகம் படைக்கப்பட்ட வரலாற்றில் தொடங்கி, பேதுருவின் வழிவந்த போப்பாண்டவர் இந்நிலங்களை இசுப்பானிய மன்னர்க்கு வழங்கிவிட்டார் என்று கூறி, பணியுமாறு கேட்டு, பணியாவிடின் போர் தொடுத்து மனைவி மக்களையும் அடிமைகளாக்குவோம், அதனால் வரும் சாவும் கேடும் உங்கள் குற்றமேயன்றி எங்களதன்று என்று முடியும் அறிவிப்பு அது. இதனைப் படித்துக் காட்டியதற்கு எழுத்தர் சான்று எழுதவேண்டும். எந்த மொழியில் படித்தனர்? இசுப்பானியத்தில். காலியான குடிசைகளுக்கும் மரங்களுக்கும் முன் நின்று படித்ததும் உண்டு. இதனைக் கேட்டு நகைப்பதா அழுவதா என்று தமக்கு விளங்கவில்லை என்று எழுதினார் இலாசு காசாசு. போன்சேக்கு 1514 செப்தம்பரில் புளோரிடாவில் குடியேற வழங்கப்பட்ட உடன்படிக்கையிலும் இவ்வறிவிப்பை மக்களுக்கு விளங்கவைக்கவேண்டும் என்ற கட்டளை உண்டு. விளங்கவைக்கும் வகை என்னவென்பதை அவன் பார்த்துக்கொள்ளவேண்டும். அவர்கள் சட்டத்தை அவர்கள் மொழியில் அறியாதது இவர்கள் குற்றமாயிற்று. நெபிரிகா எழுதிய முன்னுரை இருபத்தோராண்டில் சட்டமாகிவிட்டது.

1521 பிப்பிரவரியில் போன்சே பேரரசன் ஐந்தாம் சார்லசுக்கு மடல் எழுதினான். தன் செலவில் கண்ட அந்தத் தீவிற்குக் குடியேறச் செல்வதாக அறிவித்தான். பெருநிலத்தை அம்மடலிலும் தீவென்றே குறித்தான். இரண்டு கப்பல்கள், ஏறத்தாழ இருநூறு பேர், ஐம்பது குதிரைகள், ஆடுமாடுகள், உழவுக் கருவிகள், துறவிகள் எனக் குறையேதுமின்றிப் புறப்பட்டான். போரிக்கேனுக்கு வந்ததைப்போல் நான்கு மடங்கு ஆட்கள். கலூசாக் கரையில் இறங்கி வீடுகட்ட முனைந்தனர். கட்டவிடவில்லை. அம்புகள் பாய்ந்தன, அவற்றுள் ஒன்று போன்சேயின் தொடையில் தைத்தது. குடியேற வந்தவர் அனைவரும் கப்பலேறிக் கூபாவுக்கு ஓடினர். அவானாவில் அப்புண்ணால் அவன் செத்தான்.

இரும்பும் குதிரையும் நோயும்தாம் அம்மக்களை வென்றன, பெயரும் மொழியும் என்ன செய்யும் என்பார் ஓர் எதிர்வாதம் எழுப்பலாம். நோய் செய்ததை மறுப்பாரில்லை. 1519-இல் போரிக்கேனில் பெரியம்மை எஞ்சியவரையும் வாரிக்கொண்டது. ஆனால் 1508-இல் பெரியம்மை வரவில்லை. அப்போது வந்தவர் ஐம்பது பேர். 1521-இல் இருநூறு பேரும் ஐம்பது குதிரையும் இருந்தும் ஒரு குடிசையும் எழவில்லை. வந்தவன் ஒருவனே, இரும்பும் அதே இரும்பு. ஓரிடத்தில் கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டது, ஓரிடத்தில் திறக்கப்படவில்லை.

கலூசாக்களும் இறுதியில் அழிந்தனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1566-க்குப் பின் வந்த துறவிகளும் காவற்படையும் நிலைக்காமல் திரும்பின. 1697-இல் மீண்டும் வந்த துறவிகளையும் அவர்கள் விரட்டினர். பின்னர் ஆங்கிலேயர் துமுக்கி கொடுத்து ஏவிய அடிமை வேட்டையாலும் நோயாலும் குன்றி, 1763-இல் இசுப்பானியர் புளோரிடாவை விட்டுச் சென்றபோது எஞ்சியோரும் கூபாவுக்குப் போயினர். அவர்தம் மொழியில் இன்று ஒரு கைப்பிடிச் சொற்களே உள்ளன. எனினும் போன்சேயின் கப்பலைக் கண்ட நாளுக்கும் அவ்விறுதி நாளுக்கும் இடையே இருநூற்றைம்பது ஆண்டுகள் உள்ளன. போரிக்கேனில் வரவேற்புக்கும் அடிமைத்தனத்துக்கும் இடையே இருந்தவை மூன்று ஆண்டுகள் மட்டுமே.

தையினோ மொழி போனதும் அதன் சொற்கள் போகவில்லை. அவர்தம் படகின் பெயராகிய 'கனோவா', நெபிரிகாவே 1495 அளவில் தொகுத்த அகரமுதலியில் ஏறிற்று. அம்மொழியைக் கொன்றவர் அதன் முதற்சொல்லைத் தம் அகரமுதலியில் பதிந்துகொண்ட விரைவைக் காண்க. சூறாவளிக்கும், சோளத்திற்கும், தூங்குவலைக்கும் மேலை மொழிகள் இன்று வழங்குவன அவர்கள் சொற்களே. மொழி செத்து, உறுப்புகள் மட்டும் பிறர் உடலில் ஒட்டவைக்கப்பட்டு உயிர் வாழ்கின்றன.

தீவின் பெயரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கப்பாராவைக் கைவிட்டுத் துறைமுகத்திற்கு நகரை மாற்றியபோது துறை 'புவேர்த்தோ இரிக்கோ' எனப்பட்டது. வளமான துறை என்பது பொருள். காலப்போக்கில் துறையின் பெயர் தீவுக்கும், தீவின் பெயர் துறைக்குமாக இடம் மாறின. எவனோ ஒருவன் வைத்த இரு பெயர்கள், வீட்டுக்காரனைக் கேளாமலேயே தமக்குள் இடம் மாற்றிக்கொண்டன. 1898-இல் அமெரிக்கர் வந்தனர். அவர்களுக்கு 'புவேர்த்தோ' என்று ஒலிக்க வரவில்லை. 'போர்ட்டோ' என்று எழுதி அதனையே அரசுப் பெயராக்கினர். 1932-இல்தான் பழைய எழுத்து மீண்டது. பள்ளிகளில் ஆங்கிலத்தைத் திணித்தனர். 1949-இல்தான் இசுப்பானியம் மீண்டும் பயிற்றுமொழியாயிற்று. 1991-இல் இசுப்பானியம் ஒன்றே அரசு மொழி என்று சட்டமியற்றினர். 1993-இல் ஆங்கிலம் மீண்டும் உடன் சேர்க்கப்பட்டது. போன்சே கப்பலில் கொண்டுவந்த மொழியைக் காக்க அத்தீவினர் அமெரிக்கனோடு போராட வேண்டியதாயிற்று. முதல் மொழியை இழந்தவர் இரண்டாவதையும் இழக்க அஞ்சுவது இயல்பே. அவர்களை எள்ளுதல் தகாது. ஆயினும் அவர்கள் தம்மைப் பற்றி நெஞ்சு நிமிர்த்திப் பேசும்போது புவேர்த்தோ இரிக்கோவினர் என்பதினும் 'போரிக்குவா' என்பதையே விரும்புகின்றனர். ஐந்நூறாண்டுக்கு முன் பறிபோன போரிக்கேன் அச்சொல்லில் ஒளிந்திருக்கிறது.

சான் உவான் நகரின் திருமனையில் போன்சேயின் எலும்புகள் உள்ளன. அந்நகரின் ஒரு வெளியில் அவன் சிலையும் நின்றது. நகரின் ஐந்நூறாவது ஆண்டு விழாவையொட்டி இசுப்பானிய மன்னர் ஆறாம் பிலிப்பு வருகை தந்த 2022 சனவரி 24 அன்று, அவர் வந்திறங்குமுன்பே அச்சிலை பீடத்தினின்று வீழ்த்தப்பட்டுக் கிடந்தது. மறுநாளே அரசு அதனை எடுத்து நிறுத்திவிட்டது. வீழ்த்தியவர் தாமே என்று ஒரு குழுவினர் அறிக்கை விடுத்தனர். அவ்வறிக்கையின் கீழ் அவர்கள் இட்ட பெயர் 'போரிக்கேன் விடுதலைப் படைகள்'.